சத்தம் போடாத பெட்டி

இதை எழுத எனக்கு வருடக்கணக்கில் தயக்கம். இந்தப் பத்திரிகைப் பத்தியில் மழையைப் பற்றி எழுதியிருக்கிறேன். மூட்டுவலியைப் பற்றி எழுதியிருக்கிறேன். அம்மன் கோயில் கும்பாபிஷேகத்தை வாரக்கணக்கில் இழுத்திருக்கிறேன். இதை மட்டும் தொடவில்லை. வீட்டுச் சங்கதி... ஊர் சிரிக்குமே என்று.

போன வாரம் ஹட்டன் பஸ்ஸில் அந்தத் தயக்கம் போய்விட்டது. பக்கத்து சீட்டில் கொத்மலைப் பக்கத்து ஆள் ஒருவர். முன்பின் தெரியாதவர். பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்க பக்கம் ஒரு மனுசன், பொண்டாட்டி போன துக்கத்துல, உசுரோட இருக்கிறப்பவே தனக்குச் சவப்பொட்டி வாங்கி ஹால்ல வச்சிருக்காராமே. தெனம் அதுக்கு முன்னால விளக்கு ஏத்துறாராம். தெரியுமாங்க?"

தெரியுமாவா? அந்த மனுசன் நான்தான்!

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் சம்சாரம் பார்வதி தவறிய பிறகு வீட்டில் நான் மட்டும். மகன் கத்தாரில். மகள் கல்யாணமாகிக் கொழும்பில். பார்வதி இருந்தபோது போனில் எடுத்த வீடியோக்களையெல்லாம் மகள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் தந்திருந்தாள். அதை டிவியில் செருகினால் படம் வராது. 'இந்த ஃபைல் ஓடாது' என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான். ஆள் உள்ளே இருக்கிறாள்... கதவு திறக்கவில்லை.

மகன் போனில் சொன்னான்: "அப்பா, அதுக்கு மினி கம்ப்யூட்டர்னு ஒரு சின்னப் பொட்டி இருக்கு. டிவிக்குப் பின்னாடி வச்சிரலாம். ஹட்டன்ல கேட்டுப் பாருங்க."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மினி கம்ப்யூட்டர் வாயில் நிற்கவில்லை. பொட்டி நின்றுவிட்டது.

காலையில் சாமி கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா கொழுந்தெடுக்க மலைக்குப் போகிற வழி.

"எங்க தம்பி கெளம்பிட்டீங்க?"

"டவுனுக்கு அக்கா. பொட்டி ஒன்னு வாங்கணும்."

"பொட்டியா! யாருக்கு?"

"எனக்குத்தான். அவ போனதுக்கப்புறம் எனக்கு வேற என்ன இருக்கு? சின்னதா இருந்தா போதும்."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வெறுமனே 'பொட்டி வாங்குறது' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்கு அது தோன்றவே இல்லை!

ஹட்டன் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்த பிள்ளை இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள். "ஐயா, இது வேகமானது. எவ்வளவு பெரிய படம்னாலும் ஓடும். உள்ள ஃபேன் இருக்கு. இது கொஞ்சம் மெதுவுதான், ஃபேன் இல்ல."

வேகமானதைப் போட்டுக் காட்டினாள். ங்ங்ங்... என்று ஒரு இரைச்சல். குளவிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி.

"இந்தச் சத்தம் நிக்காதாம்மா?"

"டிவி சத்தத்தைக் கூட்டினா இது கேக்காதுங்க. என்ன மாதிரி படம் பாப்பீங்க?"

"படம் இல்லம்மா. என் சம்சாரம் விளக்கேத்தும்போது பாடுவா. வாய்க்குள்ளதான் பாடுவா."

அவள் எழுந்துபோய்க் கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். பஸ் ஹார்ன்கள் அடங்கின. ஃபேன் இல்லாத பெட்டியில் என் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினாள்.

பார்வதியின் குரல் வந்தது. மெலிசாக. நடுவில் ஒரு இருமல் — அந்த இருமல்கூடக் கேட்டது!

"இதுதான்மா வேணும்" என்றேன்.

"ரொம்ப நேரம் ஓடினா சூடாகுங்க ஐயா."

"நம்ம ஊருக் குளிருக்கு யாரு வேணாம்பாங்க?"

அம்மன் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால்... வாசல் நிறையக் கூட்டம். உட்கார மரண உதவிச் சங்கத்துப் பிளாஸ்டிக் கதிரைகள். ஒரு முன்யோசனைக்காரர் சாவு வீட்டில் கட்டுகிற வெள்ளைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். மகனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

"அக்கா... யாருக்கு என்ன?"

லெட்சுமி அக்கா அழுத முகத்தோடு பாய்ந்தார். "உங்களுக்குத்தான்! நல்லா இருக்கிற ஆளு தனக்குப் பொட்டி வாங்கப் போறேன்னா நாங்க என்னத்த நெனைக்கிறது? போனையும் வீட்லயே வச்சிட்டுப் போயிட்டீங்க!"

சங்கத் தலைவர் சின்னையா அண்ணன் என்னைச் சுற்றிப் பார்த்தார். "பொட்டி எங்க?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். பிஸ்கட் டின் அளவுகூட இல்லை.

"இதுக்குள்ள எப்புடிய்யா ஆளு அடங்கும்?"

"அடங்கியிருக்காளே அண்ணே" என்றேன்.

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். யாரும் போகவில்லை. கதிரைகள் உள்ளே வந்தன. டிவியில் பார்வதி விளக்கேற்றினாள், பாடினாள். கடைசியில் போன் பிடித்த மகளைப் பார்த்து, "போதும்டி, சோறு அடி பிடிக்குது" என்றாள்.

"அவ சோறு அடி பிடிக்காத நாள் எது?" என்றார் லெட்சுமி அக்கா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பொழுது சாய்ந்ததும் கதிரைகள் சங்கத்துக்குப் போயின. ஆட்களும் போனார்கள். அதற்குப் பிறகு அப்படி ஒரு கூட்டம் என் வீட்டுக்கு வரவே இல்லை. குறை சொல்லவில்லை. அவரவருக்கு வேலை, பிள்ளைகுட்டி. "டீ குடிக்க வாங்க" என்று முன்பும் கூப்பிட்டிருக்கிறேன், பிறகும் கூப்பிட்டிருக்கிறேன். "வாறோம், வாறோம்" என்பார்கள். தனியாக இருக்கிறவனைப் பார்க்க வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர 'பொட்டி' என்ற ஒரு சொல்தான் வேண்டுமா?

தினம் விளக்கேற்றுகிறேன் — பஸ்ஸில் வந்தவர் சொன்னதில் அது மட்டும் உண்மை. சாமிக்குத்தான் ஏற்றுகிறேன். பிறகு டிவியைப் போடுகிறேன். அவளும் ஏற்றுகிறாள். பெட்டி சத்தமே போடுவதில்லை. வீடும்தான்.

ஆகவே, இதை யாரிடமாவது சொன்னால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஹாலில் பெட்டி இருக்கிறது. உள்ளே ஆளும் இருக்கிறாள் — பாடிக்கொண்டு.

கேட்க வருகிறவர்கள் கதிரை கொண்டுவரத் தேவையில்லை. என் வீட்டில் காலியாகத்தான் கிடக்கின்றன.