இப்போது கேட்பவர்: கவிதா

போன சனிக்கிழமை காலை, எங்கள் அப்பா தம் உரக்கடை இன்வர்ட்டரை பேட்டரியோடு மொபெட்டில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடையில் ஃபேன் ஓடாது. பரவாயில்லையாம். எதற்கு? பாட்டுக்கு!

கொஞ்சம் பின்னால் போகிறேன். அப்பாவிடம் நானூறு கேசட். எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கி, ஒரு பழைய லேப்டாப்பில் ஏற்றி, இன்டர்நெட்டோடு கோத்துவிட்டேன். இப்போது ஓசூரில் கம்பெனி பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி சிங்காரப்பேட்டை வீட்டு அலமாரியைத் திறக்கிறேன். சந்தா இல்லை, விளம்பரம் இல்லை. கேசட்டின் அந்த 'உஸ்ஸ்...' கூட அப்படியே வருகிறது. என்ன டெக்னாலஜி சார் இது!

அக்கா கவிதாவுக்கும் ஒரு லாகின் கொடுத்தேன். அவளுக்கு பாகலூர் பக்கம் ஃபேக்டரி வேலை, தங்குவதும் அங்கேயே. அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை — நாலு மாதமாக!

அப்பா போனிலும் அந்த ஆப்பைப் போட்டேன். யார் கேட்கிறார்கள் என்பதும் அதில் தெரியும். ஒரு நாள் நான் ஊருக்கு வந்திருந்தபோது அவர் திரையில் வந்தது: 'இப்போது கேட்பவர்: கவிதா'. அப்பா சட்டென்று தம் பாட்டை நிறுத்தினார்.

"ஏம்ப்பா?"

"அவ கேக்கறா இல்ல... முடிக்கட்டும். ஒரு கேசட்ட ரெண்டு டேப்ல எப்படிடா போடறது?"

"எத்தன பேர் வேணா கேக்கலாம்ப்பா!"

நம்பவில்லை. தினமும் அவள் முடிக்கும்வரை போனைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்.

அப்புறம்தான் அந்தப் போன சனிக்கிழமை. ஊரில் பகல் முழுக்கப் பவர் ஷட்டவுன். அக்காவுக்கோ அன்று லீவு, பகலெல்லாம் பாட்டு கேட்கும் நாள்.

"லேப்டாப்பு, நெட் பெட்டி... ரெண்டையும் இதுல மாட்டுடா," என்றார் அப்பா, மூச்சு வாங்க.

"ஒரு நாள் பாட்டு இல்லன்னா என்னப்பா ஆயிடும்?"

"நான்தான் நிறுத்திட்டேன்னு நெனச்சுக்குவாடா."

பாட்டை வெளியூருக்கு அனுப்பத்தான் நான் இவ்வளவு செட்டப் செய்தேன். கேட்கிறவர் பெயர் வீட்டுக்குத் திரும்பி வருமே — அதன் மதிப்பு எனக்கு உறைத்ததே இல்லை.

இன்வர்ட்டரைப் போட்டோ எடுத்து, அப்பா சொன்னதையும் சேர்த்து அக்காவுக்கு அனுப்பினேன். ஐந்தே நிமிடம். அப்பா போன் அடித்தது.

"ஃபேன் இல்லாம கடையில எப்படிப்பா உக்காருவ?"

"அது கெடக்குது கவி. நீ கேளு."

அன்று பகல் முழுக்க ஆப்பில் கேட்பவர் யாருமே இல்லை. அப்பா போன்தான் என்கேஜ்டு!