தொட்டுக் கூப்பிடுங்க

ஏ.டி.ஹெச்.டி. என்கிற கவனச்சிதறலும் அளவுமீறிய துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகளின் வீட்டுக்குப் போய், பெற்றோருக்கு நல்ல பழக்கம் சொல்லித்தருவது என் வேலை. கதவைத் திறந்ததும் 'வந்துட்டாய்யா' என்று ஒரு முகம் காட்டுவார்களே, சக சிறப்பாசிரியர்களே, உங்களுக்குத் தெரியாததா!

கட்டில் கால்

சேரம்பாடிப் பக்கம் தேயிலை எஸ்டேட் ஒன்றில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடு. எட்டு வயது கவியா ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். ஒருநாள் மூடுபனியில் ஓடிப்போய், பள்ளத்தின் விளிம்பில் நின்றவளைத் தூக்கி வந்திருக்கிறார்கள். நான் போனபோது அவள் இடுப்பில் பழைய சேலை, மறுமுனை கட்டில் காலில். "என்னம்மா இது, கன்னுக்குட்டியா?" என்று கத்திவிட்டேன். அம்மா செல்வி கொழுந்து பறிப்பவர். கோபப்படவே இல்லை.

"நான் மலைக்கு வேலைக்குப் போயிருக்கிறப்ப இவ பள்ளத்துல விழுந்தா, நீங்க வந்து தூக்குவீங்களா டீச்சர்?"

சாயத்தண்ணி

கெஞ்சிக் கூத்தாடிச் சேலையை அவிழ்க்க வைத்தேன். இன்னொரு தடவை ஓடினால் மறுபடி கட்டுவேன் என்றார் செல்வி. அப்புறம் நான் சொல்லித்தந்த பழக்கங்கள்: காலையில் முட்டை, பள்ளிக்கு முன்னால் ஒரு ஓட்டம், சாயங்காலம் சாயத்தண்ணி என்கிற கடுந்தேநீர் கூடாது, ராத்திரி ஃபாக்டரி சங்கு ஊதினால் செல்போன் பரண்மேல். அடுத்த முறை போனபோது அப்பா முருகன் கொட்டாவி விட்டபடி நின்றார்.

"போனைப் புடுங்குனதும் புள்ள தூங்குது டீச்சர். எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்குது."

மூணு வாட்டி

செல்வி அடுப்படியிலிருந்து எவ்வளவு கத்தினாலும் கவியா திரும்பமாட்டாள். "தூரத்திலிருந்து கத்தாதீங்க. பக்கத்துல போய்த் தோளைத் தொட்டு, முகம் பார்த்து, ஒரே ஒரு வேலை சொல்லுங்க. தொட்டாத்தான் அம்மா கூப்பிடுறதுன்னு அவளுக்கும் பழகட்டும்" என்றேன். செல்வி தயங்கினார். பனி இறங்கினால் முதல் தடவை கூப்பிட்டதும் திரும்பக்கூடாது என்பது அந்த லயத்து வழக்கமாம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மூணு வாட்டி கூப்பிட்டாத்தான் டீச்சர் மனுசங்க. பனிக்குள்ள நின்னு கூப்பிடுதே, அதுக்கு ரெண்டுக்கு மேல கூப்பிடத் தெரியாது."

பட்டப்பகல்

மழைக்காலம் பிறந்துவிட்டது. பள்ளிக்கூடம் லீவு. மத்தியானமே பனி இறங்கி எதிர்வீடு தெரியவில்லை. நைட் ஷிப்ட் முடித்த முருகன் உள்ளே தூக்கம். நான் போனபோது கவியா வாசற்படியில் கதவு நிலையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள், ஆடாமல் அசையாமல். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. சற்று நேரத்தில் செல்வி மேல்மலையிலிருந்து கூடையோடு இறங்கி வந்தார்.

"ஏம்மா பள்ளத்துல நின்னு கூப்புட்ட?" என்றாள் கவியா.

"நான் எங்கடி பள்ளத்துக்குப் போனேன்?"

"நீதான். உன் குரல்தான். கவியா, கவியா, கவியான்னு. பக்கத்துல வந்து தொடவே இல்ல, அதான் நான் வரல."

செல்வி கூடையைப் போட்டுவிட்டுப் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்.

"அது மூணு வரைக்கும் எண்ணக் கத்துக்கிச்சு டீச்சர்."

ஒரு பழக்கம் படிய மாசக்கணக்கில் ஆகும், பொறுமையாக இருங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான், பனியில் தோளைத் தொடாமல் யார் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது என்பதை மட்டும் ஒரே நாளில் பழகிக்கொண்டேன்.