ஒரே பஸ்ஸில் போன பொய்கள்

மூன்று வருடங்களுக்கு முன், மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. நானும் தம்பியும் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினோம். எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தம்பி, எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டிச் சரிசெய்பவன். அவன் காதில் யாரோ பேசுவது போலக் கேட்கும். மாத்திரை சாப்பிட்டால் பட்டறைக்குப் போவான். நிறுத்தினால் அறைக்குள் அடைந்துவிடுவான். மாத்திரைக்கு மாதாமாதம் புதுக்கோட்டை அரசு மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும்.

"பஸ்ல எல்லாரும் என்னையே பாக்குற மாதிரி இருக்குக்கா. அடுத்த மாசம் நான் வரமாட்டேன்" என்று அன்று கிளம்பும்போதே சொல்லிவிட்டான். எப்படியோ சமாதானம் சொல்லி பஸ் ஏற்றினேன்.

பஸ்ஸில் எங்கள் ஊர் மளிகைக்கடை மதினி, எங்கே போகிறோம் என்று கேட்டார். வழக்கம்போல, வக்கீலைப் பார்க்க என்றேன். அவர் கண் ஆஸ்பத்திரிக்காம். பின்சீட்டில் மனைவியோடு இருந்த எங்கள் ஊர்த் தேங்காய் வியாபாரி, பேங்க்கில் வேலை என்றார்.

மருத்துவமனையில் கூட்டம் குறையும்வரை தம்பியை மரத்தடியில் உட்கார வைப்பேன். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதே. அன்று திடீரென்று மழை கொட்டியது. வேறு வழியின்றி மனநலப் பிரிவின் கூடத்துக்குள் ஓடினோம்.

அங்கே மதினி, முகம் துடைக்கிற சாக்கில் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டிருந்தார். தேங்காய் வியாபாரி சுவரைப் பார்த்து நின்றார். அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

தம்பி ஒவ்வொருவராகப் பார்த்தான். "ஏன்க்கா, நம்ம பஸ்ஸை நேரா இங்கேயே கொண்டாந்து நிப்பாட்டியிருக்கலாமுல்ல?"

முதலில் சிரித்தது மதினிதான். "ஒங்க வக்கீலு இங்கிட்டுத்தான் இருக்காராக்கும்?"

"ஆமா மதினி, ஒங்க கண்ணு டாக்டருக்கு அடுத்த ரூமு" என்றேன்.

திரும்பும்போது எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தோம். "சுகருக்கும் பிரஷருக்கும் ஊருலேயே மாத்திரை தாராங்க. இதுக்கு மட்டும் ஏன் இம்புட்டு தூரம்?" என்று தேங்காய் வியாபாரி கேட்டார். மனநல மருத்துவரும் மாத்திரையும் ஊருக்கே வரவேண்டும் என்று கிராம சபையில் கேட்பதென முடிவானது.

கிராம சபையில் நான் எழுந்து அதைக் கேட்டதும் பின்னாலிருந்து ஒருவர், "பைத்தியத்துக்கெல்லாம் உள்ளூருலேயே ஆஸ்பத்திரி கேக்குறீங்களா?" என்றார். சிலர் சிரித்தார்கள்.

நான் பதில் சொல்வதற்குள் தம்பி எழுந்தான். "அண்ணே, நான்தான் அந்த மாத்திரை சாப்புடுற ஆளு. போன வாரம் ஒங்க போர் மோட்டார் பொகைஞ்சப்ப யாருகிட்ட கொண்டாந்தீங்க?"

இப்போது சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. "எனக்கும் வேணும்" என்று மதினி எழுந்தார். தேங்காய் வியாபாரியின் மனைவி, கணவரை முந்திக்கொண்டு எழுந்தார். நாங்கள் எதிர்பாராத சிலரும் எழுந்தார்கள். தீர்மானம் நிறைவேறியது.

அதன்பிறகும் அலுவலகம் அலுவலகமாக அலைந்தோம். அடுத்த மழைக்காலத்துக்குள், மனநல மருத்துவர் மாதம் ஒருமுறை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரத் தொடங்கினார். சுகர் மாத்திரை வாங்குபவர்கள் நிற்கும் அதே வரிசையில் தம்பியும் நிற்கிறான், கையில் கிரீஸ் கறையோடு. "தம்பி, இன்னிக்கு மாத்திரை நாளு, நான் போறேன், நீ வாரியா?" என்று தெருவே கேட்க மதினி கூப்பிடுகிறார். பட்டறை ஒருநாளும் பூட்டிக் கிடப்பதில்லை.

இப்போதும் புதுக்கோட்டை பஸ்ஸில் யாராவது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவர் எங்கே போகிறார் என்று நான் கேட்பதில்லை. முன்பு இதே பஸ்ஸில் நாங்கள் எங்கே போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.