நோரீன் எழுதிய மன்னிப்பு

நோரீன் ஹாகெட்டின் காலை யாராவது மிதித்துவிட்டால், "சாரி" சொல்வது நோரீன்தான். இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் எல்லோரும் அப்படித்தான், அவள் கொஞ்சம் அதிகம். அவள் வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறையில் தட்டை இழுத்துக் குழம்பைக் கொட்டவைக்கும் பையனிடமும் "சாரி கண்ணு" என்பாள். மூடிய கதவில் தானே போய் இடித்துக்கொண்டு, கதவிடமும் சொல்லியிருக்கிறாள்.

அவளுடைய கணவர் கிளைவ் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். அவர்கள் வீடு மலைச்சரிவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. கழிப்பறையும் படுக்கையும் மாடியில், செங்குத்தான படிகளுக்கு மேலே. கிளைவ் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவார். நோரீன் ஒரு படி கீழே நின்று அவர் முழங்கால்களைப் பிடித்துக்கொள்வாள். படியே இல்லாத ஒரு வீடு, அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

போன இலையுதிர் காலத்தில் அவருக்கு மருந்து வாங்கக் கடைவளாகத்துக்குக் காரில் போனார்கள். அங்கே இரண்டு மணி நேரம் காரை இலவசமாக நிறுத்தலாம். கிளம்பும் நேரத்தில் கிளைவ் கழிப்பறையில் விழுந்துவிட்டார். மருந்துக்கடைப் பெண் ஓடிவந்து தூக்கிவிட்டு, சர்க்கரை அள்ளிப் போட்டுத் தேநீர் கொடுத்தாள். அவர் நடுக்கம் அடங்கிக் கார் வெளியே வரும்போது நேரம் தாண்டியிருந்தது. வாசலில் இருந்த கேமரா கார் எண்ணைப் படம் பிடித்தது.

பல வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கார் கிளைவ் பெயரில் இருந்ததால் அவர் பெயருக்கு. அபராதம் நூறு பவுண்டு, சீக்கிரம் கட்டினால் அறுபது. அனுப்பியது நகராட்சி அல்ல, வாகன நிறுத்தத்தை நடத்தும் ஒரு தனியார் நிறுவனம்.

நோரீன் சமையலறை மேசையில் உட்கார்ந்து பதில் எழுதினாள். அன்று காரை ஓட்டியது தான்தான் என்றும், தாமதம் முழுக்கத் தன் தவறு என்றும், கணவர் விழுந்துவிட்டார் என்றும், தொந்தரவுக்கு மிகவும் வருந்துவதாகவும் எழுதினாள். மூன்றாவது தாளை எடுத்தபோது கிளைவ் எட்டிப் பார்த்தார்.

"மன்னிப்பு எழுதறியா, காதல் கடிதம் எழுதறியா? எனக்கே நீ இவ்வளவு எழுதினதில்லையே."

"நடந்ததை நடந்தபடி சொன்னா புரிஞ்சுக்குவாங்க. அவங்களும் மனுஷங்கதான?"

நிறுவனம் நான்கே வரியில் மறுத்தது. அந்தக் கடிதம் கிளைவுக்கு வரவில்லை. நோரீன் ஹாகெட் என்று அவள் பெயருக்கே வந்தது. அதற்குப் பிறகு கடன் வசூல்காரர்களின் கடிதங்கள் வரத் தொடங்கின. சிவப்பு எழுத்து, கறுப்புக் கட்டம், 'இறுதி எச்சரிக்கை'. இறுதிக்குப் பிறகும் ஒரு இறுதி வந்தது. நூறு, நூற்றெழுபது ஆனது. கதவைத் தபால்காரர் தட்டினாலும் நோரீன் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றாள். அறுபதையே கட்டித் தொலைத்திருக்கலாமோ என்று தோன்றியது. ஆனால் உண்மையைச் சொன்னபோது நம்பாதவர்களுக்குப் பணம் கொடுக்க மனம் வரவில்லை.

அவளுடைய தங்கை புருஷன் டெஸ் கடிதங்களைப் பார்த்துச் சிரித்தான். டாக்சி ஓட்டுகிறவன். கார் விஷயத்தில் அவனைக் கேட்காமல் அந்தக் குடும்பத்தில் யாரும் எதுவும் செய்வதில்லை.

"இதுக்கா நடுங்கற? தனியார் கம்பெனி, நோரீன். போலீஸ் இல்ல, நகராட்சி இல்ல. எனக்கு வந்ததையெல்லாம் வச்சுதான் நான் தோட்டத்துல கறி சுட அடுப்பே மூட்டுவேன்."

"வீட்டுக்கு ஆள் வரும்னு போட்டிருக்கே?"

"வந்தா டீ போட்டுக் குடு. நீ அவன்கிட்டயும் சாரி சொல்லுவ."

மதுக்கடையிலும் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒரு காலத்தில் அது பெருமளவு உண்மையாகவும் இருந்தது. அதன்பின் நோரீன் அந்தக் கடிதங்களைப் பிரிப்பதை விட்டாள். முகவரி தெரிய ஜன்னல் வைத்த உறையைக் கண்டால் நேராகக் குப்பைத்தொட்டி. மாதக்கணக்கில் நிம்மதியாகத் தூங்கினாள். அந்த உறைகளில் ஒன்று நீதிமன்றத்திலிருந்து வந்தது. பிறகு இன்னொன்றும். அவற்றிலும் அதே மாதிரி ஜன்னல்தான் இருந்தது.

வசந்தத்தில், கால்வாய்க்குப் பக்கத்தில் தரைத்தள வீடு ஒன்று வாடகைக்கு வந்தது. ஒரே மட்டம். கழிப்பறைச் சுவரில் கைப்பிடி. பார்க்கப் போனபோது கிளைவ் அந்தக் கைப்பிடியைப் பிடித்துத் தானாக உட்கார்ந்தார், தானாக எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார்.

"என்னை இங்கயே விட்டுட்டுப் போயிடு. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போ" என்றார்.

நோரீன் ஜன்னல்களை அளந்துகொண்டு வந்து திரைச்சீலைத் துணி வாங்கினாள். சம்பளம் அவளுக்குத்தான் என்பதால் அவள் பெயரில் விண்ணப்பித்தார்கள். அடுத்த வாரம் வாடகை முகவர் அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் பேசினாள்.

"சாரிங்க நோரீன். உங்க மேல கோர்ட்டுத் தீர்ப்பு ஒண்ணு இருக்கு, கட்டாத கடனுக்கு. அப்படி இருந்தா வீட்டு ஓனர் குடுக்கமாட்டார். நிஜமாவே சாரி."

"பரவாயில்ல கண்ணு, சாரி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு திரைச்சீலைத் துணியை எடுத்து மடித்து வைத்தாள்.

நூலகத்தில் வாரம் ஒரு நாள் இலவச சட்ட ஆலோசனை உண்டு. அங்கே இருந்த சமீனா, வழக்கின் நகல்களை வரவழைத்துப் படித்தாள். படித்து முடித்து, நோரீனின் மூன்று பக்கக் கடிதத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இதை ஏங்க எழுதினீங்க?"

"மரியாதைக்குத்தான்."

"காரு உங்க வீட்டுக்காரர் பேர்ல. ஓட்டினது யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. முதல் கடிதம் ரெண்டு வாரத்துக்குள்ள வரணும், அதுவும் கெடு தாண்டித்தான் வந்திருக்கு, அதனால அவர்கிட்ட பணம் கேட்க முடியாது. யார் ஓட்டினதுன்னு நீங்க சொல்லாம இருந்திருந்தா, அவங்க கையில ஒண்ணுமே கிடையாது. நீங்களே உங்களைப் பிடிச்சுக் குடுத்திருக்கீங்க."

"இப்ப கட்டிடறேன். முழுசா."

"தீர்ப்பு வந்த ஒரு மாசத்துல கட்டியிருந்தா பேரே வெளிய வந்திருக்காது. இப்ப கட்டினாலும் ஆறு வருஷம் கடன் பதிவுல நிக்கும். ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம். அதுக்குக் கட்டணமே முந்நூறுக்கு மேல. ஏன் பதில் போடலன்னு கேப்பாங்க."

"உறையைப் பிரிக்கலன்னுதான் சொல்லணும்."

நோரீன் மனு போடவில்லை. முந்நூறு பவுண்டு கையில் இல்லை, அங்கே போய்ச் சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை. கடனை மட்டும் தவணையில் கட்ட ஏற்பாடு செய்தாள். வழக்குச் செலவும் சேர்ந்து அது இருநூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. கால்வாய் வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்தார்கள்.

டெஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தான். கேட்டுக்கொண்டே பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தான்.

"சட்டத்தை மாத்திட்டானுங்க போல" என்றான்.

ஊரில் எல்லோரும் எதற்கெல்லாமோ சொல்லும் அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லவில்லை. நோரீன் காத்துப் பார்த்தாள். அவன் இரண்டாவது பிஸ்கட் எடுத்தான்.

அவன் போன பிறகு கிளைவ் மாடிக்குப் போகவேண்டும் என்றார். முதுகைத் திருப்பி முதல் படியில் உட்கார்ந்தார். நோரீன் முழங்கால்களுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கினாள். ஒரு படி. இன்னொரு படி. பாதியில் அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் நெற்றி வியர்வையைப் பார்த்தார்.

"சாரி, நோர்" என்றார்.

"அந்த வார்த்தைய இந்த வீட்டுல இனிமே சொல்லாத" என்றாள் நோரீன். குரலை உயர்த்தவில்லை. "காலை மடக்கு."

அவர் காலை மடக்கினார். அவள் தூக்கினாள்.