‘விடு’ என்று நான் சொன்ன நாள்

தொண்ணூறுகளின் கடைசியில், நகரத்துக்கு வெளியே கார் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியபோது, என் மகள் திருவான்மியூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள். ரோபோவுக்குக் கை செய்வது அவள் வேலை. காரின் கதவுக்கு ஒரு கை, கூரைக்கு ஒரு கை என்று மாற்றி மாற்றி மாட்டாமல், எல்லாத் தகட்டையும் தூக்கும் ஒரே கையைச் செய்ய வேண்டும் என்பது அவள் பிடிவாதம். விரல்களுக்குப் பதில் காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணங்கள். தகட்டின் வளைவுக்கு ஏற்ப நகரும் தண்டுகள்.

அபிராமபுரத்து வீட்டில், சாப்பாட்டு மேசை மேல் அந்தக் கிண்ணத்தால் எவர்சில்வர் தட்டைத் தூக்கிக் காட்டுவாள். நான் அடியில் கை வைத்துக்கொள்வேன்.

"விழாதும்மா."

"விழுந்தா?"

"விழுந்தா தட்டு. கண்ணாடி இல்ல."

ஒரு சனிக்கிழமை டிபன் டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் பள்ளிக்கூடம் அரை நாள்தான். டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தகரக் கொட்டகை. கம்ப்ரஸர் இரைச்சலில் காது அடைத்தது. ரோபோ இன்னும் வரவில்லை. அவள் செய்த கையை மட்டும் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார்கள். அது ஒரு கார் கூரைத் தகட்டைக் கவ்விக்கொண்டிருந்தது. தகட்டுக்கு நேர் அடியில் என் மகள் குந்தியிருந்தாள். ஆபரேட்டர் முதுகைக் காட்டி நின்று காற்றழுத்த மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இரண்டு பொத்தான்கள் கொண்ட பெட்டி.

அருகே போய்க் கூப்பிட்டேன்.

"ஒரு கிண்ணம் மட்டும் ஒட்ட மாட்டேங்குதும்மா. ரெண்டு நிமிஷம்."

"மணி ரெண்டரை ஆச்சு."

"இத முடிச்சுட்டு வரேன்."

இருபத்திரண்டு வருடம் வகுப்பறையில் பழகிய குரல் எனக்கு. கம்ப்ரஸரை மீறிச் சொன்னேன்: "விடு. அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த இரைச்சலில் அவளுக்கும் ஆபரேட்டருக்கும் இடையே இரண்டே சொற்கள்தான் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிடி. விடு.

உஸ் என்று ஒரு சத்தம். தகடு விழுந்தது.

எனக்குப் பதில் சொல்லத்தான் அவள் வெளியே சாய்ந்திருந்தாள். துப்பட்டாவின் ஒரு முனை தகட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எழ முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் அவள் கைகளைப் பிடித்து விரல்களை எண்ணினேன். பத்து. மறுபடியும் எண்ணினேன்.

ஆபரேட்டர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "விடுன்னு பொம்பள கொரல் வந்துச்சிமா. இங்க பொம்பளன்னா மேடம் ஒருத்தர்தான கீறாங்க. நான் இன்னா பண்ணுவேன்?"

முதலாளி ஓடி வந்தார். அம்மா கூப்பிட்ட குரலுக்குத் திரும்பியதால்தான் பிழைத்தாள் என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். எந்தக் குரலுக்குத் தகடு விழுந்தது என்று அவர்கள் பேசவில்லை. நானும் பேசவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை.

தகட்டைத் தூக்கித் துப்பட்டாவை எடுத்த பிறகு, மகள் கொட்டகையிலேயே டப்பாவைத் திறந்து, இடது கையில் ஸ்பூன் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். வலது கையால் காகிதத்தில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள்.

"அவர் மேல தப்பில்லம்மா. சொன்ன உடனே விட்டுடுச்சு பாரு, அந்தக் கை மேலதான் தப்பு. கீழ எதாவது தகட்டத் தாங்கிக்கிட்டு இருந்தாத்தான் விடணும். இல்லன்னா யார் சொன்னாலும் விடக் கூடாது."

சோறு ஆறியிருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். திங்கட்கிழமை மறுபடியும் அந்தத் தகட்டின் அடியில்தான் உட்காரப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடையாறு பாலம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்: "கைய விடும்மா. வலிக்குது."

பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். விடவில்லை.