பட்டுத் தராசில் நாய்க்குட்டி

எங்கள் நாய்க்குட்டி மணியின் மலத்தில் புழு நெளிந்தது. பக்கத்து வீட்டுக்காரர், தன் ஆட்டுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மீதியைத் தந்தார்.

"நீதான படிச்சவன், ஜல்தியா பாத்து ஊத்துடா" என்றார் அம்மா.

லேபிளில் நாய் என்ற சொல்லே இல்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு ஒரு மூடி ஊற்றினேன். மணி தலையை உதறியதில் முக்கால்வாசி என் சட்டையில் கொட்டியது. மீதிக்கே அதன் வாயில் நுரை தள்ளியது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"கொட்டினது நல்லதாப் போச்சு. எடைக்குத் தகுந்த மருந்துதான் தரணும். குட்டி எவ்ளோ எடைப்பா?"

குட்டியை நான் நிறுத்துப் பார்த்ததே இல்லை. தறிக்கான பட்டு நூலைக் கிராம் பிசகாமல் நிறுத்து வாங்கும் வீடு எங்களுடையது!

சாயங்காலம் மணி பால் நக்கும்வரை என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

இப்போதெல்லாம் மணியை நூல் தராசில் நிறுத்த பிறகே மருத்துவரிடம் மருந்து கேட்கிறேன்.

"தட்டுல முடி ஒட்டிகினு இருக்குது பாரு!" என்று அம்மா திட்டுவார். துடைத்து வைத்துவிடுகிறேன்.