தங்கையா ஐயாவின் இடது ஹெட்லைட்

கரவனெல்லையில் உள்ள என் ஹார்ட்வேர் கடைக்குச் சாமான் வாங்கும் எண்ணமே இல்லாமல் தினமும் வருகிற ஒரே ஆள் தங்கையா ஐயாதான். மற்றவர்கள் வாங்கும் சாமான் எதற்கும் உதவாது என்று சொல்லிவிட்டுப் போவதற்காக வருவார். வியாபாரத்தைக் கெடுக்கிற இந்த மனிதருக்கு இத்தனை வருடமாகப் பிளேன்டீயும் கொடுத்து உட்கார வைக்கிறேனே என்று எனக்கே என்மேல் எரிச்சல் வரும்.

ஐயா பக்கத்து இறப்பர்த் தோட்டத்து ஃபேக்டரியில் முப்பத்தாறு வருடம் ஒபிசராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் பொறுப்பில் இரண்டு கேன்கள் இருந்தன. ஒன்றில் இறப்பர்ப் பாலை உறைய வைக்கும் எசிட். மற்றதில் அமோனியா, மரத்திலிருந்து இறக்கிய பால் ஃபேக்டரிக்கு வந்து சேரும்வரை உறையாமல் காப்பது அது. இந்த இரண்டையும் வைத்தே காலத்தை ஓட்டியவருக்கு உலகத்தில் மூன்றாவதாக ஒரு மருந்து இருக்கும் என்ற நம்பிக்கையே இல்லை. கோயில் குத்துவிளக்கின் களிம்புக்கு எசிட் கொடுத்தார், விளக்கு மின்னியது. என் கடைக் கண்ணாடி அலுமாரியை அமோனியாவால் துடைத்துக் காட்டினார், அதுவும் பளிச்சென்று ஆனது. அங்கேதான் வினை தொடங்கியது. ஒருவருடைய வைத்தியம் இரண்டு தடவை பலித்துவிட்டால் பிறகு அவரைப் பிடிக்க முடியாது.

அவருடைய ஒரே மகள் துஷ்யந்திக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. அரநாயக்கவுக்கு மேலே, மலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். பஸ்ஸை நம்பினால் இரண்டாம் பாடம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். வீட்டிலிருந்தே போய்வர வேண்டுமென்றால் ஐயாவின் கார் வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். "பொம்பளப் புள்ள தனியா தங்குறது சரியில்ல மொதலாளி" என்று என்னிடம் சொன்னார். உண்மை அதுவல்ல. மகளும் போய்விட்டால் அவர் பேச்சைக் கேட்க வீட்டில் ஆளில்லை. மனைவி ஜெயம்மா கேட்பதை நிறுத்திப் பல காலமாகிறது.

கார் பழைய ஜப்பான் கார். நாட்டுக்குள் புது வாகனம் வராமல் நின்றிருந்த வருடங்களில் இந்த மாதிரிக் கிழடுகளுக்கெல்லாம் மாப்பிள்ளை மவுசு வந்திருந்தது. இஞ்சினில் குறையில்லை. ஹெட்லைட் இரண்டும்தான் மஞ்சள் பூத்து மங்கிக் கிடந்தன. காலை மூடுபனியில் அந்த வெளிச்சத்தை நம்பி மலை வளைவில் ஏற முடியாது.

திங்கட்கிழமை முதல் நாள் பள்ளிக்கூடம். சனிக்கிழமை துஷ்யந்தி கடைக்கு வந்து எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று மூன்று நம்பரில் சேண்ட் பேப்பரும், பொலிஷும், வெயில் தாங்குகிற கிளியர் ஸ்ப்ரேயும் கேட்டாள். ஃபோனில் வீடியோ பார்த்துச் செய்முறை முழுவதையும் எழுதி வைத்திருந்தாள். பின்னாலேயே ஐயா வந்தார்.

"கண்ணாடிய எவனாச்சும் தாள் போட்டுத் தேய்ப்பானா? கீறல் விழுந்திரும்."

"அது கண்ணாடி இல்லப்பா, பிளாஸ்டிக். தண்ணி ஊத்தி ஊத்தித் தேய்ச்சா மங்குன தோல் போயிரும்."

"முப்பத்தாறு வருஷம் ஃபேக்டரி நடத்துனவனுக்கு நீ சொல்லிக் குடுக்கிறியா?"

கடைசியில் பாகப்பிரிவினை நடந்தது. வலது விளக்கு மகளுக்கு, இடது விளக்கு அப்பாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை துஷ்யந்தி வலது பக்கத்தில் குந்தி இரண்டு மணி நேரம் தேய்த்தாள். ஐயாவோ பழைய துவாயை அமோனியாவில் முக்கி, காய்ச்சல்காரன் நெற்றியில் போடுவதுபோல இடது விளக்கில் போட்டுக் கட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நெடியில் ஜெயம்மா வீட்டு ஜன்னலையெல்லாம் சாத்தினாள்.

பின்னேரம் துவாயை அவிழ்த்தார். வலது விளக்கு புதுசாய் மின்னியது. இடது விளக்கு அசல் இறப்பர்ப் பால்போல வெளுத்திருந்தது. உள்ளே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு வேறு.

"காயட்டும். தெளிஞ்சிரும்" என்றார் ஐயா.

தெளியவில்லை. துஷ்யந்தி தன் தாள்களால் அதையும் தேய்த்துப் பார்த்தாள். வெடிப்பு ஆழத்தில் இருந்தது, போகவில்லை. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. பையைக் கட்டிக்கொண்டு அன்றே பஸ் ஏறி அரநாயக்கவுக்குப் போய், அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தியின் அறையில் தங்கிவிட்டாள். திட்டியிருந்தால் ஐயா தாங்கியிருப்பார்.

இரண்டு வாரம் அவர் கடைப்பக்கம் வரவில்லை. என் வியாபாரம் நன்றாக நடந்தது, எனக்குத்தான் நன்றாக இல்லை. மூன்றாவது வாரம் ஒரு பார்சலோடு வந்தார். கேகாலையில் பழைய வாகனங்களைக் கழற்றி விற்கும் கடையில் வாங்கிய இடது ஹெட்லைட். அதுவும் மஞ்சள் பூத்ததுதான்.

"சேண்ட் பேப்பர் இருக்கா மொதலாளி? எனக்கில்ல, பக்கத்து வீட்டுக்காரருக்கு."

"என்ன நம்பர் ஐயா?"

முழித்தார். பிறகு ஃபோனை எடுத்துக் கடை மூலைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அம்மாடி, எந்தத் தாள் மொதல்ல?" அந்த மனிதர் ஒருவரிடம் ஒன்று கேட்டதை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்று நம்பரிலும் தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மகளைக் கூட்டிவரப் புறப்பட்டபோது சாட்சிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். துஷ்யந்தி பள்ளிக்கூட வாசலில் காரைச் சுற்றி வந்து இடது விளக்கை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அமோனியா போட்டீங்களாப்பா?"

"இல்ல. நீ சொன்ன மாதிரிதான் செஞ்சேன்."

"நல்லா வந்திருக்கு. ஆனா நான் அந்த அறைய விட்டு வரலப்பா. பள்ளிக்கூடம் விட்டதும் இங்க புள்ளைங்களுக்குக் கிளாஸ் வைக்கிறேன். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வீட்டுக்கு வாறேன்."

அவர் வாதாடப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். கைக்குட்டையை எடுத்து, சுத்தமாக இருந்த விளக்கையே இன்னொரு தடவை துடைத்தார்.

"ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "அப்ப கார நீயே வச்சிக்க. எனக்கு பஸ் இருக்கு."

இப்போது ஐயா மறுபடி தினமும் கடைக்கு வருகிறார். துருவுக்கு மருந்து கேட்டு வருகிறவன், குழாய்க்குப் பசை கேட்டு வருகிறவன், எல்லோருக்கும் "மொதல்ல எண்ணூறு தாளப் போடு" என்கிறார். பெயின்ட் வாங்க வந்தவனையும் தாளோடு திருப்பி அனுப்புகிறார். நானும் சேண்ட் பேப்பர் கூடுதலாகவே இறக்குகிறேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பிறகு மட்டும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. மழைக்குள் கடை வாசலில் நின்று வளைவையே பார்த்துக்கொண்டிருப்பார். தூரத்தில் மகள் ஓட்டிவரும் காரின் இரண்டு விளக்கு தெரிந்ததும் என் தோளைத் தட்டுவார்.

"எடது பக்கந்தான் வெளிச்சம் கூட. பாத்தீங்களா மொதலாளி?"

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. ஆமாம் ஐயா என்று சொல்லிவிடுவேன்.